உப்பங்கழிக்கு மலர்க்கொடி சொன்ன விலை

மலர்க்கொடி அக்காவிடம் விலை கேட்கிறவர்கள் முதலில் ஒரு இடம் பார்த்து உட்கார்ந்துகொள்வது நல்லது. சீக்கிரத்தில் முடியாது. திருமலைராயன்பட்டினத்தில் நாலைந்து தெருக்களுக்கு அவர்தான் இறால் கொடுக்கிறார். வாசலில் கூடையை இறக்கி, இறாலைக் கூறு கூறாகப் பிரித்துவைத்து, "எம்பது" என்பார். வீட்டுக்காரம்மா "முப்பது" என்பார். அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, இந்த அநியாயத்தைக் கேட்க யாராவது வருகிறார்களா என்று தெருவின் இரண்டு பக்கமும் பார்ப்பார். கூடையைத் தூக்குவார். தூக்கிய கூடையை இறக்குவார். போன வாரம் இறால் கிடைக்காத கதை, முட்டிவலிக் கதை, பஸ்காரன் கூடையை ஏற்றமாட்டேன் என்ற கதை எல்லாம் முடிந்து, விலை ஐம்பதில் வந்து நிற்கும். நேற்றும் ஐம்பதுதான், நாளைக்கும் ஐம்பதுதான். இது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தாலும் யாரும் நேராக ஐம்பது என்று சொல்லிவிடமாட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகும் "ஏதோ போ, நீ கேட்டதுக்காகக் குடுக்குறேன்" என்பாரே தவிர, "சரியா இருக்கு" என்று எந்த விலையைப் பற்றியும் அக்கா சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஒருமுறை ஊருக்குப் புதிதாக வந்த பாங்க் மேனேஜர் வீட்டம்மா, "எம்பதா? இந்தாங்க" என்று பணத்தை நீட்டிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அக்காவுக்கு அன்று முழுக்க மனசு சரியில்லை. "ஒரு வார்த்த பேசல பாரு. என்ன ஒரு மனுசியாவே மதிக்கல" என்று வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டே போனார். அப்புறம் அந்த வாசலில் அவர் கூடையை இறக்கவே இல்லை.

இந்தப் பேரத்தால்தான் அவர் உயிரோடு இருக்கிறார் என்றும் சொல்லலாம். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் உம்மு சல்மா என்ற பழைய வாடிக்கைக்காரரின் வாசலில் ஐந்து ரூபாய்க்காக நின்றுகொண்டிருந்தார். சல்மாம்மாவும் லேசில் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. பேரம் கொஞ்சம் முன்னால் முடிந்திருந்தால் அக்கா கடலோரத்துக்குத் திரும்பியிருப்பார். அன்று மத்தியானம் அவர் வீடு நின்ற இடத்தில் மணல் மட்டும்தான் இருந்தது. "அந்த அஞ்சு ரூபாயக் கடைசியில நான்தான் விட்டுக்குடுத்தேன்" என்று இரண்டு பேருமே இன்றைக்கும் சொல்கிறார்கள். அதில் மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

அக்காவின் ஊர் தாழைமேடு. பட்டினத்துக்குக் கிழக்கே, ஒரு சிற்றாறு கடலில் கலக்கிற இடத்தில் இருக்கும் மீனவர் ஊர். பிறந்ததும் அங்கேதான், வாக்கப்பட்டதும் அங்கேதான். கணவர் சிவபாலன் மஞ்சள் காமாலையில் இறந்தபோது அக்காவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. படகில் போக ஆள் இல்லாத வீட்டுக்குக் கடல் மீன் கிடையாது. அப்படிப்பட்ட பெண்களுக்கு இருந்தது உப்பங்கழி. ஆறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் தெற்கே பிரிந்து பரந்து கிடக்கிற ஆழமில்லாத தண்ணீர் அது. கடல் ஏறும்போது உப்புத் தண்ணீரும் ஆறு வடியும்போது நல்ல தண்ணீரும் அதற்குள் வந்து கலக்கும். பெண்கள் அதில் குந்தி, அடிச்சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி ஒன்று கழுத்தில் தொங்கும். அக்கா சேலைக்கு மேல் சிவபாலனின் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்குவார். சிப்பி கிழிக்காமல் இருக்க என்பார். அந்தச் சட்டை நைந்துபோனதும், அதே கட்டம் போட்ட துணியாகத் தேடி இன்னொன்று வாங்கினார். அதற்கு மட்டும் காரணம் சொல்லவில்லை.

சுனாமி ஆற்றின் வாயை மணலால் அடைத்துவிட்டுப் போனது. படகுகள் ஆற்றுக்குள் வர முடியாமல், அலையில் அடிபட்டுக் கரையேற வேண்டியதாயிற்று. கடலும் வராமல் ஆறும் வராமல் கழி பச்சையாகிக் குட்டை நாற்றம் நாறியது. நாள் முழுக்கத் தடவினால் ஒரு கைப்பிடி இறால் கிடைத்தது. அக்கா நாகூர் வரைக்கும் போய் ஏலத்தில் மீன் எடுத்து விற்றார். பஸ் கூலிக்கே பாதி போயிற்று.

நான் அங்கே போனது 2006ஆம் வருடம் கோடையில். எனக்கு ஊர் காரைக்கால் பக்கம் தருமபுரம், பெயர் வெண்மதி. பொருளாதாரம் எம்.ஏ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல், வீட்டில் யார் பேசினாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்த காலம். புதுச்சேரியிலிருந்து நீலகண்டன் என்ற பேராசிரியர் ஒரு ஆய்வுக்காக வந்து, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க ஆள் தேடினார். வீடு கொஞ்ச நாள் அமைதியாக இருக்குமே என்று அப்பா என்னை முதல் ஆளாக அனுப்பிவைத்தார்.

அடைபட்ட ஆற்றைத் திறக்க என்ன செலவு என்று இஞ்சினியர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். திறந்தால் வருகிற நன்மைக்கு என்ன மதிப்பு என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. மண் வெட்டும் இயந்திரத்துக்கு வாடகை உண்டு, டீசலுக்கு விலை உண்டு, ஓடுகிற ஆற்றுக்கு எந்தக் கடையில் விலை கேட்பது? அதனால் ஜனங்களையே கேட்பது என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆறு பழையபடி ஓடினால் அதற்காக உங்கள் வீட்டிலிருந்து மாதம் எவ்வளவு கொடுப்பீர்கள்? கழியையும் சரிசெய்தால் அதற்கு எவ்வளவு? யாரும் வசூலுக்கு வரப்போவதில்லை, சும்மா ஒரு கேள்வி. எல்லோரும் சொல்கிற தொகையைக் கூட்டினால், அந்த ஆறு அவர்களுக்கு எவ்வளவு பெறும் என்பது ஓரளவு தெரிந்துவிடும். சார் விளக்கியபோது எனக்கு நன்றாகத்தான் பட்டது.

தாழைமேட்டில் பஞ்சாயத்தாரிடம் சொல்லாமல் யாரும் எந்த வீட்டு வாசலிலும் நின்று கேள்வி கேட்க முடியாது. பஞ்சாயத்துத் தலைவர் கண்ணையன், மலர்க்கொடி அக்காவின் உடன்பிறந்த அண்ணன். தலைக்கட்டுக்காரர்கள் யார் யார் என்று அவரே ஆள் வைத்து எங்களுக்குக் காட்டினார். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு ஊருக்கு ஐம்பது ரூபாய் வரி கட்டும், ஊர்ப் பொதுவில் எது கிடைத்தாலும் அதற்கு ஒரு பங்கு உண்டு. கணவனை இழந்தவர்களிடம் ஊர் வரி வாங்குவதில்லை. எல்லோருக்கும் கொடுத்து முடிந்த பிறகு, பெயர் சொல்லிக் கூப்பிடாமல், "மத்தவங்க வாங்க" என்று அவர்களுக்கு அரைப் பங்கு. கொடுமைக்காகச் செய்த ஏற்பாடு இல்லை, இரக்கப்பட்டுச் செய்ததுதான். இரக்கத்தில் இதுதான் தொல்லை. அதோடு சண்டை போட முடியாது.

முதல் வீட்டில் ஆற்றுக்கு ஐம்பது, கழிக்கு ஒன்றுமில்லை என்றார்கள். இரண்டாவது வீட்டிலும் அப்படியே. மெத்தை வீடு கட்டியவரும் ஐம்பது, கூரைக்குக் கீற்று இல்லாதவரும் ஐம்பது. காலையிலேயே குடித்துவிட்டுப் படுத்திருந்த ஒருவரை எழுப்பிக் கேட்டேன், அவரும் கண்ணைத் திறக்காமல் "ஆத்துக்கு அம்பது, கழிக்கு ஒன்னுமில்ல" என்றார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. நேராகக் கண்ணையனிடம் போனேன்.

"என்னங்க இது, ஊரே ஒரே மாதிரி சொல்லுது?"

"நேத்தே கூட்டம் போட்டு முடிவு பண்ணிட்டோம்லம்மா" என்றார் அவர் பெருமையாக. "ஊருன்னா ஒரே பேச்சா இருக்கணும். ஆளுக்கு ஒன்னு சொன்னா நீங்கதான கொழம்பிப் போவீங்க? ஆத்துக்கு அம்பது. கழி பொம்பளைங்க தடவுற எடம், அதுக்கு எதுக்கு? பணத்த எப்ப வந்து வாங்கிக்குவீங்க? பாதி வீட்டுல வசூல் முடிஞ்சிருச்சு."

பணம் என்றால் ஊர் கூடி முடிவெடுக்கும், முடிவெடுத்தால் கொடுத்துவிடும். சும்மா கேட்கிற கேள்வி என்பது அந்த ஊரில் கிடையாது. வசூலித்த பணத்தையெல்லாம் திருப்பிக் கொடுக்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. கண்ணையனுக்கு அதில் வருத்தம்கூட. ஊர்ப் பணத்தை நாங்கள் மதிக்கவில்லையாம்.

பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் சாரிடம் இதைச் சொன்னபோது, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கழிக்கு எல்லாருமே ஒன்னுமில்லைன்னா சொன்னாங்க?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"அப்ப கழி போச்சும்மா."

ஆற்று வாயில் அள்ளுகிற மணலை எங்கே கொட்டுவது என்பது பெரிய பிரச்சினையாக இருந்தது. வடக்கே கடல் அரித்த கரையில் கொண்டுபோய்க் கொட்டினால் கரைக்கும் நல்லது, ஆனால் லாரி வாடகை ஆகும். பக்கத்திலேயே கழியில் கொட்டிவிட்டால் செலவே இல்லை. கழிக்கு மதிப்பு இருக்கிறது, அது லாரி வாடகையைத் தாண்டுகிறது என்று ஆய்வில் வந்தால் மணல் வடக்கே போகும். ஒன்றுமில்லை என்று வந்தால் கழி மேடாகிவிடும். "நான் என் இஷ்டத்துக்கு ஒரு எண்ணை எழுத முடியாது. சொன்னாத்தான் எழுத முடியும்" என்றார் சார். அவர் டீ ஆறிப்போயிருந்தது.

கடைக்குப் பின்பக்கத்தில் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் டீ குடித்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் எழுந்தபோது வழியை மறித்துக்கொண்டு நின்றார். அதுதான் மலர்க்கொடி அக்கா.

"கழியில மண்ணக் கொட்டப் போறீங்களா?"

"நாங்க கொட்டலக்கா. ஊர்ல கேட்டோம், அதுக்கு மதிப்பே இல்லேன்னு..."

"யார்கிட்ட கேட்ட? கழியில எறங்காதவன்கிட்டப் போயி கழியப் பத்திக் கேட்டியா? என்ன ஏன் கேக்கல? காசியம்மாவ ஏன் கேக்கல?"

நியாயம்தான். தலைக்கட்டு இல்லாத வீடுகளைக் கண்ணையனின் ஆள் எங்களுக்குக் காட்டவே இல்லை. சார் அங்கேயே பெஞ்சைத் துடைத்து, "இப்ப கேக்குறோம், உக்காருங்க" என்றார். நான் கேட்டேன்.

"கழியத் தோண்டிச் சுத்தம் பண்ணி, கடல் தண்ணி வர்ற மாதிரி செஞ்சா, அதுக்கு மாசம் எவ்வளவு குடுப்பீங்கக்கா?"

"பத்து."

பத்து என்று எழுதிக்கொண்டேன். ரொம்ப நன்றி என்றேன். அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்க்கா."

"என்னாத்த எழுதுன? நான் பத்துன்னேன். நீ ஒன்னுமே சொல்லலயே!"

"நீங்க சொல்றத எழுதணும். நான் பேசக்கூடாதுக்கா."

"நான் கொறச்சுக் கேப்பேன், நீ ஏத்திச் சொல்லணும். அதான மொற? எங்க கழிய இப்புடிப் பத்து ரூபாக்கு வுட்டுட்டுப் போறியே, அது என்னா கேக்க நாதியத்துக் கெடக்கா?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. காலையிலிருந்து வெயிலில் அலைந்தவள் நான். "சரி, எரநூறு" என்றேன்.

அக்காவின் முகம் மலர்ந்தது. சம்மணம் போட்டு நன்றாக உட்கார்ந்துகொண்டார். "எரநூறா! அந்தச் சேத்துக்கா? நாத்தம் கொடலப் புடுங்குது."

"தண்ணி ஓடுனா நாறாது. இறால் வரும்."

"பாம்புல்ல வரும்."

"நண்டும் வரும். ஊர்க் கெணத்துத் தண்ணி நல்லாயிடும்னு சார் சொல்றாரு. நாகூருக்குப் போற பஸ் கூலி மிச்சம்."

"பதினஞ்சு."

அதுவரை கழியில் கால்கூட நனைத்திராத நான், அதன் பெருமையைத் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதையே நம்பி வாழ்கிற அக்கா அதைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தார். திட்டத் திட்ட ஒவ்வொரு படியாக ஏறிவந்தார். நாற்பதில் நின்றது. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. அவரால் முடிந்தது அவ்வளவுதான் என்று எனக்கும் தெரிந்தது. "ஏதோ போ, நீ கேட்டதுக்காக" என்றபடி கூடையைத் தூக்கினார்.

அக்கா போனதும் சார் என் பக்கம் திரும்பினார். "இப்படி ஏலம் மாதிரி ஏத்தி எறக்கிக் கேக்குற முறை எங்க பாடத்துலயே இருக்கும்மா. ஆளுக்கு அரைமணி நேரம் ஆகும், கட்டுப்படியாகாதுன்னு நான்தான் விட்டுட்டேன். இனிமே இப்படியே கேளு" என்றார்.

அதற்குப் பிறகு தொண்டைக்குப் பனங்கற்கண்டு போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். தாழைமேட்டில் கழியை நம்பியிருந்த பெண்கள் ஒவ்வொருவரிடமும் பேரம் பேசினேன். காசியம்மா என்ற வயதான பெண் ஐந்தில் தொடங்கி, நடுவில் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, இருபதில் முடித்தார். பிறகு சார், இறாலைச் சாப்பிடுகிறவர்களையும் கேட்க வேண்டும் என்று சொல்லி, பட்டினத்துத் தெருக்களுக்கு அனுப்பினார். உம்மு சல்மா என்னை உட்காரவைத்துப் பசியாறச் சொல்லிவிட்டு, "கழி எறாலு இல்லாம மருமவனுக்கு என்னத்தப் போடுறது?" என்று அலுத்துக்கொண்டார். ஆனாலும் ஒவ்வொரு ரூபாய்க்கும் மல்லுக்கு நின்றார். கடைசியில் ஒரு தொகையைச் சொல்லி, "இத மலர்கிட்ட சொல்லிப்புடாதம்மா, நாளைக்கே கூறுக்கு வெலய ஏத்திடுவா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது கழியின் மதிப்பு லாரி வாடகையைத் தாண்டியிருந்தது. நானும் சாரும் அன்று பட்டினத்தில் பரோட்டா சாப்பிட்டுக் கொண்டாடினோம்.

கொண்டாடியதில் அவசரப்பட்டுவிட்டோம். அறிக்கையை ஏற்றுக்கொள்கிறோம் என்று ஊர்க்கூட்டத்தில் சொல்ல வேண்டும், அப்போதுதான் அது மேலே போகும். கண்ணையன் முடியாது என்றுவிட்டார். அவர் பக்கத்திலும் காரணம் இருந்தது. லாரி, வாடகை என்று செலவு ஏறினால் ஆறு திறக்கிற வேலையே தள்ளிப்போய்விடும் என்று பயந்தார். அதற்குள் அலையில் எத்தனை படகு உடையுமோ, எத்தனை பேருக்குக் கால் முறியுமோ என்ற கவலை அவருக்கு.

கோயில் வாசலில் சாயங்காலம் கூட்டம் நடந்தது. ஆண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தள்ளி நின்றார்கள். கணவன் இல்லாதவர்கள் வருகிற வழக்கமில்லை. சார் அறிக்கையைச் சொல்லி முடித்ததும் கண்ணையன் எழுந்தார்.

"ஆத்துக்குச் சொன்னது ஊர்ப் பேச்சு. கழிக்குச் சொன்னது ஊர்ப் பேச்சு இல்ல. சொன்னவங்க யாரும் வரி கட்டுற தலைக்கட்டு கெடையாது. அதத் தள்ளிட்டு மிச்சத்த எழுதிக்கங்க சார்."

"அப்ப என்கிட்ட வரி வாங்கிக்கண்ணே."

எல்லோரும் திரும்பினார்கள். மலர்க்கொடி அக்கா கூட்டத்தின் ஓரத்தில், தலையில் வெறுங்கூடையோடு நின்றுகொண்டிருந்தார். வியாபாரம் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருக்கிறார்.

"நீ வீட்டுக்குப் போ புள்ள" என்றார் கண்ணையன். "தங்கச்சிகிட்ட வரி வாங்குனான்னு ஊரு என்னக் காறித் துப்பவா?"

"அம்பது. எல்லாரும் குடுக்குறதுதான்."

"வேணாங்குறேன்ல?"

"அம்பதுண்ணே."

"அம்பதுக்கு எங்க போவ நீ?"

"கழிக்குப் போவேன். அதுல நீ மண்ணக் கொட்டாம இருந்தா."

ஆண்கள் பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். கண்ணையனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. எப்படியாவது பேச்சை முடித்து அவரை அனுப்பிவிட வேண்டும் என்று, "சரி சரி, ஒரு அஞ்சு ரூபா குடு. சாமிக்கு எண்ணெய் வாங்கி ஊத்துறோம். போ" என்றார்.

அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். எனக்கு அந்த முகம் தெரியும். டீக்கடையில் நான் இருநூறு என்றபோது பார்த்த முகம். தலையிலிருந்த கூடையை மெதுவாக இறக்கி மணலில் வைத்தார்.

"அஞ்சா? அம்மன் கோயிலு இருக்குற ஊருக்கு அஞ்சு ரூபாயா? என்னாண்ணே பேசுற? அம்பது."

"பத்து குடு, போ."

"அம்பது."

"இருவது. இதுக்கு மேல..." என்று சொன்ன கண்ணையன் அப்படியே நிறுத்தினார். கூட்டம் முழுக்கச் சிரிப்பு கிளம்பிவிட்டது. தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. "ஏய், நான் வேணாம்னுல்ல சொல்ல வந்தேன்!"

"வெல சொல்லிட்ட. வெல சொன்னா ஏவாரம்தான். இத்தன பேரும் கேட்டாங்க."

மீனவர்கள் மத்தியில் அது எழுதாத சட்டம். விற்க விருப்பமில்லாதவன் விலை சொல்லக்கூடாது, வாங்க விருப்பமில்லாதவனும் சொல்லக்கூடாது. கண்ணையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடைசியில், "இருவத்தஞ்சு. பாதி. அதோட முடிச்சுக்க" என்றார்.

வழக்கமாக அக்கா நடுவில் வந்து நிற்கிறவர். எல்லோரும் அங்கே முடிந்துவிடும் என்றுதான் நினைத்தோம். நானும் அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

"பாதி வரி குடுத்தா பாதிப் பங்குதான் குடுப்ப" என்றார் அக்கா. சத்தம் போடாமல் அவர் பேசி அன்றுதான் கேட்டேன். "அவரு போனதுலேர்ந்து பாதிதான்ணே வாங்கிக்கிட்டிருக்கேன். என் பேரு கூப்புட்டே எத்தன வருசமாச்சு? முழுசா வாங்கிக்க. முழுசா என்ன எண்ணிக்க."

சிரிப்பு அடங்கிவிட்டது. கண்ணையன் தன் தங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"அம்பது. மலர்க்கொடி வீட்டையும் தலைக்கட்டுல சேத்துக்கங்கடா."

அக்கா முந்தானையில் முடிந்துவைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தார். பெண்கள் பக்கத்திலிருந்து, யார் எப்போது கூட்டி வந்தார்களோ தெரியவில்லை, காசியம்மாவின் குரல் கேட்டது. "எனக்கு இருவதுக்குப் பாத்துச் சொல்லு கண்ணையா." ஊர் மறுபடியும் சிரித்தது. ஆனால் யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. வரி கட்டுகிறவர்கள் சொன்னது என்றால் அதுவும் ஊர்ப் பேச்சுதான். அன்று இரவு அறிக்கையில் கழியின் எண் அப்படியே நின்றது.

வேலை ஒன்றும் மந்திரம் போட்டது மாதிரி நடக்கவில்லை. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் கண்ணையன் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது. தங்கை ஏறிய விலைக்கு அண்ணன் அலைகிறார் என்று ஊரில் கேலி பேசினார்கள். இயந்திரம் வந்தது, பழுதானது, மறுபடி வந்தது. ஆனால் மணலை ஏற்றிய லாரிகள் வடக்கேதான் போயின. அக்கா கூடையோடு சாலையோரம் நின்று ஒவ்வொரு லாரியும் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். கழியில் கடல் வந்துபோக இரண்டு கால்வாய் வெட்டினார்கள். முதல் மழைக்குப் பிறகு நாற்றம் போனது. அடுத்த வருடம் சின்ன இறால் தென்பட்டது. பழைய அளவுக்கு இன்னும் வரவில்லை. வரும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், நானும் நம்புகிறேன்.

எனக்கும் காரைக்காலில் ஒரு வேலை கிடைத்துவிட்டது. 2009 தை மாதத்தில் அக்கா ஆள் அனுப்பியிருந்தார். ஆற்று வாயில் ஊர்ப் பொதுவலை போடப்போகிறார்கள், சுனாமிக்குப் பிறகு முதல் தடவை, வந்தே ஆக வேண்டும் என்று. போனேன். கீழவாஞ்சூர் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் வழிவிடாமல், வரும்போதே பாதிக் கோபம் தலையில் ஏறியிருந்தது.

வலையை இழுத்து முடித்திருந்தார்கள். மடவையும் கெளுத்தியும் இறாலுமாகக் கலந்து, மணலில் கூறு கூறாகப் பிரித்துவைத்திருந்தார்கள். கண்ணையன் நடுவில் நின்று ஒவ்வொரு தலைக்கட்டாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெயர் கேட்டவர்கள் வந்து அவரவர் பங்கை அள்ளிக்கொண்டு போனார்கள். அக்கா, அதே கட்டம் போட்ட சட்டையோடு, காசியம்மாவின் பக்கத்தில் நின்றார். பழக்கதோஷத்தில், கடைசியில் பங்கு வாங்குகிறவர்கள் நிற்கிற இடத்திலேயே நின்றார்.

"மலர்க்கொடி" என்றார் கண்ணையன்.

அக்கா அசையவில்லை. இன்னும் எத்தனையோ பேர் மிச்சம் இருந்தார்கள். காசியம்மா முழங்கையால் இடித்த பிறகுதான் தெளிந்து முன்னால் வந்தார். தன் கூறுக்கு முன்னால் குந்தினார். மற்றக் கூறுகளைப் போல அதுவும் முழுக் கூறுதான். ஊரே காத்துக்கொண்டிருந்தது. கெளுத்தி சின்னதாக இருக்கிறது என்று சொல்லப்போகிறார், இறாலைப் பக்கத்துக் கூறில் கூடப் போட்டுவிட்டார்கள் என்று சண்டைக்கு வரப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அதை அடக்கிக்கொண்டு நின்றேன்.

அக்கா ஒன்றும் பேசாமல் மீனை அள்ளிக் கூடையில் போட்டார். கடைசி இறால் வரைக்கும் பொறுக்கிப் போட்டுவிட்டு எழுந்தார். கண்ணையனுக்கே பொறுக்க முடியவில்லை.

"என்னா புள்ள, ஒன்னும் சொல்லாமப் போற?"

அக்கா கூடையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

"சரியா இருக்குண்ணே" என்றார்.